உப்புக்கு முன் ஓர் அகப்பை

கூடைகள் கவிழ்ந்த அன்று வேலம்மா ஊற்றங்கரையில் நின்றுகொண்டு, தண்ணீர் எடுக்க வரும் பெண்களுக்காகக் காத்திருந்தாள்.

விடிந்ததும் ஐந்து ஊற்றுகளிலும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, மூன்றாவதன் ஓரத்தில் நொச்சிக் குச்சியை நட்டாயிற்று. குச்சி நிற்கும் ஊற்றில்தான் அன்றைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் குச்சியை நட்டுவிட்டு அவள் கையை உதறுவதற்குள் குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுவிடும். இன்றைக்குக் குச்சியின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் காலடிக்கே வந்துவிட்டது. ஒருத்தியும் வரவில்லை. ஏரிக்கு அக்கரையில் ஒல்லாந்தர் கோட்டை தெரிந்தது. அதையடுத்துச் சுண்ணாம்புக் காளவாய். எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் காளவாய்க்கு மேலே வானம் வெறுமனே கிடந்தது.

இன்று என்ன நாள் என்பதை மறந்துவிட்டோமோ என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. குச்சியைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் புரிந்துபோயிற்று. ஒவ்வொரு குடிசை வாசலிலும் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. கிளிஞ்சல் வாரும் கூடை, சாந்து சுமக்கும் கூடை, எல்லாமே சுண்ணாம்பு ஏறி வெளுத்தவை. மணல் நெடுக வெள்ளை ஆமைகள் வந்து படுத்துவிட்டதுபோல் இருந்தது. வேலையை நிறுத்துவதற்கு அந்தக் குப்பத்தில் வேறு சொல் கிடையாது. கூடையைக் கவிழ்ப்பது, அவ்வளவுதான். கவிழ்த்த கூடையை ஊர் சொல்லாமல் யாரும் நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் அந்த வீட்டோடு பேச்சு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை.

வேலம்மாவின் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. அவளிடம் கூடை இருந்ததே இல்லை.

காரணத்தை அன்று பிற்பகலில்தான் தெரிந்துகொண்டாள், அதுவும் இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு. தருமன் சுண்ணாம்புத் தொட்டியில் துடுப்புப் போடுகிறவன். காளவாயில் சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் அது சீறிக் கொதிக்கும். அதை நின்று கிண்டுவது அவன் வேலை. பத்து நாளைக்கு முன்னால் கொதித்த சுண்ணாம்பு அவன் முகத்தில் தெறித்து இரண்டு கண்ணும் வெந்துபோயின. குத்தகைக்காரர் கங்காதரன் மறுநாளே அவன் பங்குக் கேழ்வரகை நிறுத்திவிட்டார். "கண்ணு தெரியாதவன் தொட்டிலே இன்னாத்தைக் கிண்டுவான்?" என்று கேட்டாராம். கோட்டைச் சுவர் வேலை முழுவதும் அவர் குத்தகை. தருமனுக்கு அவன் பங்கு வந்தால்தான் கூடை நிமிரும் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் அம்மன் கோவில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். வேலை நின்றால் கேழ்வரகும் நிற்கும் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக ஓர் உலை வைப்பது என்று பேச்சு. கடலுக்குப் போகிற படகுகள் மீன் தரும். அவரவர் பானையில் இருக்கும் தானியத்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பங்கு கூடைக்கு ஒன்று. ஊர்த் தலைவர் நாட்டார் சிங்காரம் வாசல் வாசலாக நடந்து, தடியால் தொட்டுத் தொட்டுக் கூடைகளை எண்ணிவிட்டு வந்தார்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த வேலம்மா இரண்டடி முன்னால் வந்தாள். அவள் கையில் ஒரு முடிச்சுக் கேழ்வரகு இருந்தது. வீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

"மாமா, என்னைச் சேத்தீங்களா?"

சிங்காரம் அவளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. இவள் இங்கே இருக்கிறாள் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல் இருந்தது. "உனக்கு ஏது கூடை?"

"நானும் வேலைக்குத்தானே போறேன்?"

"நீ தண்ணி குடிக்கிறே. அது ஒரு வேலையா?" என்று பின்னாலிருந்து பச்சைமுத்து குரல் கொடுத்தான். அவன் கிளிஞ்சல் படகு தள்ளுகிறவன், வாய்த்துடுக்குக்காரன். "அவளுக்கு ஆயுதம் நாக்குதானே. நாக்கைக் கவுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க நாட்டாரே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உலைக்குப் பொறுப்பேற்றிருந்த குப்பம்மா மட்டும் சிரிக்காமல், வேலை தலைக்கு மேல் கிடப்பவளின் அவசரத்தோடு சொன்னாள்: "அதில்லடி வேலு. உலையிலே கருவாடு போடுவோம், உப்புப் போடுவோம். நீதான் உப்பு தின்ன மாட்டியே. உனக்கு எதுக்குப் பங்கு?"

வேலம்மா முடிச்சோடு திரும்பி வந்தாள்.

அவள் உப்பை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சுண்ணாம்புக்குளம் என்ற ஊரிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த வரதன் ஒரு நாள் கட்டுமரத்தோடு போனவன் வரவில்லை. உடலும் வரவில்லை, மரமும் வரவில்லை. அவன் வருகிறவரை உப்பைத் தொடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கருவாடு காயாத வாசலே இல்லாத ஊரில், உப்பில்லாத கூழைத் தனியே உட்கார்ந்து குடித்தாள். மூன்றாம் மாதம் கோட்டை வேலைக்குத் தண்ணீர் சுமக்கப் போனபோது, எல்லோரும் இனிப்பு என்று சொன்ன ஊற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பினாள். "கரிக்குது" என்றாள். யாரும் நம்பவில்லை. அந்தத் தண்ணீரில் குழைத்த சாந்தைப் பூசிய சுவர், நாற்பது நாளில் வெள்ளையாய் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

சுண்ணாம்புக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள அந்த மணல் திட்டில் ஊற்றுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி ஓதம் ஏறும்போது ஒன்று கெடும், ஒன்று தேறும். கெட்டது கொஞ்சமாகத்தான் கெடும். காலையிலும் மாலையிலும் கருவாடு தின்கிற நாக்குக்கு அந்தக் கொஞ்சம் எட்டாது. வேலம்மாவின் நாக்குக்கு எட்டியது. அன்றிலிருந்து அவளுக்குக் குடம் இல்லை. விடியலில் ஊற்றுகளைச் சுவைத்துக் குச்சி நடுவது, அதற்கு ஒரு பங்கு கேழ்வரகு. உப்பு நாக்கில் படக்கூடாது என்பது கங்காதரன் போட்ட நிபந்தனை.

ஊர் அவளை இன்னும் புருஷனுக்காக விரதம் இருக்கிறவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வருஷமே அவள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் உப்பில்லாமல் தின்றது கேழ்வரகுக்காகத்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. கல்யாணப் பந்தியிலும் கருமாதிப் பந்தியிலும் அவள் இலையை ஓரமாகப் போடுவார்கள். நாளடைவில் இலை போடவே மறந்தார்கள்.

வேலை நின்ற பிறகும் விடியலில் கால்கள் தாமாக ஊற்றங்கரைக்குப் போயின. சுவைத்துப் பார்த்து, நல்ல தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு, வழியில் தருமன் குடிசையில் கொடுத்துவிட்டு வருவாள். தருமன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, தன் கூடையின் மேலேயே உட்கார்ந்திருப்பான். காலடிச் சத்தத்திலேயே அவளைக் கண்டுகொள்வான்.

"இன்னிக்கு எத்தனாவதுக்கா?"

"ரெண்டாவது. மூணாவது கெட்டுப்போச்சி."

"அமாவாசை ஓதம் ஏறிடுச்சின்னு சொல்லு."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளைக்கு அவள் காதில் விழும் தன்னுடைய பேச்சும் அவ்வளவுதான். சில நாள் அவனிடம் இன்னும் ஏதாவது சொல்லலாம் என்று நிற்பாள். அவன் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு போவாள்.

கூடைகள் கவிழ்ந்தே கிடந்தன. அக்கரையில் போன வருஷப் புயலில் இடிந்த கோட்டைக் கொத்தளம் பாதிச் சுவரோடு நின்றது. ஐப்பசி மழைக்குள் அதை எழுப்பிவிட வேண்டும் என்பது கோட்டைக்காரர்களின் கணக்கு. கொத்தர்கள் சுவர் நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார்கள். சாந்தில் கலக்க வந்த வெல்லப்பானைகளில் எறும்பு மொய்த்தது. சாந்துக்குக் கடுக்காய் விற்கிற செட்டி, மூட்டை மேல் உட்கார்ந்து ஈ ஓட்டினான். காளவாய்க்கு விறகு கொண்டுவந்த படகுகள் இறக்க ஆளில்லாமல் விறகோடு ஊறின. கோட்டை மட்டுமல்ல, அக்கரை ஊருக்குள் மரக்காயர் வியாபாரி ஒருவர் கட்டிக்கொண்டிருந்த பண்டசாலையும் கூரை இல்லாமல் நின்றது. கிளிஞ்சல் அள்ளும் ஆள் ஏரியில் இறங்காவிட்டால் பழவேற்காட்டில் ஒரு செங்கல் இன்னொரு செங்கலோடு ஒட்டாது. இதைப் படகுக்காரர்கள் வந்து வந்து சொன்னபோது குப்பத்தில் முதலில் சிரித்தார்கள். பத்து நாளில் சிரிப்பு குறைந்தது. மீனுக்கும் வாங்குவார் இல்லை. பொது உலையில் கேழ்வரகு குறைந்து தண்ணீர் கூடியது. பச்சைமுத்துகூட வாயைத் திறப்பதில்லை.

வேலம்மா தன் முடிச்சை நாளுக்கு ஒரு பிடியாகப் பிரித்து, நீர்த்த கூழாகக் காய்ச்சிப் பார்த்தாள். பிறகு பிடியைப் பாதியாக்கினாள். உலையடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் அவள் குடிசைக்குள் இருந்துகொள்வாள். பேச்சுச் சத்தம் காற்றில் வரும். கருவாட்டுக் குழம்பின் வாசனையும் வரும். பசியைவிட அந்தப் பேச்சுச் சத்தம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கங்காதரன் படகில் வந்து இறங்கினார். நேராக வேலம்மாவின் குடிசைக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார இடம் தேடிவிட்டு நின்றபடியே பேசினார்.

"மீஞ்சூர் பக்கத்திலேருந்து இருவது பேரை இட்டாந்திருக்கேன். ஏரி வெட்டுற ஆளுங்க. கொட்டாயிலே சுட்ட கிளிஞ்சல் ஒரு மாசத்துக்குக் கெடக்குது. எல்லாம் கீது, தண்ணிதான் எதுன்னு தெரியலே. அவனுங்களைக் கேட்டா எல்லாத் தண்ணியும் தண்ணிதான்றானுங்க. நீ வந்து நாக்கை நனைச்சிட்டுக் குச்சியை நட்டுட்டுப் போ. ரெண்டு பங்கு தர்றேன்."

"ஊரு கட்டுப்பாடு கீதுங்களே ஐயா."

"கூடை வெச்சிருக்கறவனுக்குத்தானே கட்டுப்பாடு? உனக்குத்தான் கூடையே இல்லியே. நான் விசாரிச்சிட்டுத்தான் வந்தேன். நாளைக்குக் காலையிலே வர்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து நாட்டார் சிங்காரத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"மாமா, கங்காதரன் வந்தாரு."

"பார்த்தேன்."

"தண்ணி பாக்கக் கூப்புடறாரு."

"ம்."

"போலாமா, கூடாதா?"

சிங்காரம் ஊசியை நிறுத்தி யோசித்தார். நேர்மையான மனுஷர். எண்ணிய எண்ணிக்கையை மாற்றத் தெரியாதவர். "உன் வாசல்ல கூடை இல்லியே, வேலம்மா. உன்னைப் போவாதேன்னு சொல்ல எனக்கு இன்னா அதிகாரம் கீது? உன் இஷ்டம்."

"நீங்க போவாதேன்னு சொன்னா நான் போவ மாட்டேன் மாமா."

"அப்படி நான் எப்படிச் சொல்றது? பங்கு தராதவன் தடுக்கக் கூடாது. அது நியாயமில்லே."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். போகாதே என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றாள். போனால் ஊர் விலக்கு, காலை ஒடித்துவிடுவேன், எது வேண்டுமானாலும் சொல்லட்டும். மிரட்டக்கூட அவளுக்கு ஆள் இல்லை. ஊசி மறுபடி வலைக் கண்ணுக்குள் நுழைந்து வெளியே வந்தது. அவள் நடந்தாள்.

மறுநாள் காலை கங்காதரன் வந்தபோது வேலம்மா குடிசையில் இல்லை. உலையடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் பாயில் காரை மீன் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. குப்பம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பெண்களும் ஆண்களுமாகப் பத்திருபது பேர் அங்கங்கே குந்தியிருந்தார்கள். கங்காதரன் வருவதைக் கண்டு பேச்சு நின்றது.

"இன்னாமே, இங்கே நிக்கிறே? தண்ணி ஏத்தப் படகு காத்துக்கினு கீது."

"நான் வரலீங்க ஐயா."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்களும் ஒன்றும் புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாருக்காவ வர மாட்டேன்றே? இவங்களுக்காவா? உனக்கு ஒரு அகப்பைக் கூழு ஊத்தினாங்களா இவங்க?"

வேலம்மா பாயில் கிடந்த கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசமா உனக்குப் படியளந்தது யாரு? எங்க உப்பைத் தின்னவ நீ. நன்னி வேணாம்?"

அவள் தலை நிமிர்ந்தது. கூட்டத்தில் அவள் குரல் இவ்வளவு தெளிவாக வந்ததை யாரும் கேட்டதில்லை.

"உங்க வேலைக்கு வந்த நாளா நான் உப்பே தின்னலியே ஐயா. எங்கேருந்து உங்க உப்பைத் தின்னேன்?"

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கங்காதரனின் முகம் சிவந்தது. "வாய் நீளுதா? ஆளை வுட்டுத் தூக்கிக்கினு போயி ஊத்தங்கரையிலே நிக்க வெப்பேன். நாக்கு உன்னுதுதான், ஆனா அது பாக்குற வேலை என்னுது."

வேலம்மா குனிந்து பாயிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்தாள். உப்புப் பொரிந்து வெள்ளை பூத்திருந்தது. அதை அப்படியே வாயில் வைத்துக் கடித்தாள்.

முதலில் நாக்கு தீப்பட்டதுபோல் எரிந்தது. கண்ணில் நீர் பொங்கியது. துப்பிவிடத்தான் உடம்பு துடித்தது. துப்பாமல் மென்றாள். விழுங்கினாள். இன்னொரு கடி கடித்தாள். ஆறு வருஷத்து நாக்கு அந்தக் காலை வெயிலில், பத்திருபது பேர் பார்க்க, போய்க்கொண்டிருந்தது. குப்பம்மா ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி! வரதன் இல்லேன்னு முடிவு பண்ணிட்டியாடி?"

வேலம்மா முழுக் கருவாட்டையும் தின்று முடித்தாள். முள்ளை மணலில் போட்டாள். கங்காதரனைப் பார்த்து, "இப்ப தூக்கிக்கினு போங்க. எந்த ஊத்துலே வேணும்னாலும் நிக்க வைங்க," என்றாள்.

அவர் திரும்பிப் போனார். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கங்காதரனின் முகத்தைப் பற்றிப் பேசினார்கள், வரதனைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவள் குடிசைக்கு வந்து ஒரு பானைத் தண்ணீரையும் குடித்தாள். தாகம் அடங்கவில்லை. பொழுதிறங்கும்போது கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு கடலைப் பார்த்தாள். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. வரதனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். அவன் மூக்கில் இருந்த வெட்டுத் தழும்பு மட்டும் வந்தது. உதட்டை நக்கிக்கொண்டாள். உப்பு.

மறுநாள் விடியலில் பழக்கத்தால் ஊற்றங்கரைக்குப் போனாள். முதல் ஊற்று. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். ஒன்றுபோலவே இருந்தன. ஏதோ ஒன்றில் செம்பை முக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு எத்தனாவதுக்கா?" என்று கேட்டான் தருமன்.

"தெரியலே தருமா."

அவன் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டான். அவனுக்கும் செய்தி எட்டியிருந்தது. "குடிக்கிறதுக்கு எதுவா இருந்தா இன்னா," என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

மீஞ்சூர் பக்கத்து ஆட்கள் கரைக்கு மிக அருகில் இருந்த முதல் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோனார்கள். சுமக்கிற தூரம் குறைவு என்பதால். கங்காதரனே குடித்துப் பார்த்து, "இனிப்பாத்தானே கீது" என்றாராம். கொத்தளம் மளமளவென்று எழுந்தது. அக்கரையில் சுவர் உயர உயர இக்கரையில் நாற்பத்தொரு வீடுகளிலும் முகங்கள் சுருங்கின. இரண்டு பேர் இருட்டோடு இருட்டாகக் கூடையை நிமிர்த்திவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. யார் அந்த இரண்டு பேர் என்று ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு பௌர்ணமி வந்தது. அதற்கப்புறம் ஒரு மழை. மழை விட்டு வெயில் ஏறியதும், புதுச் சுவர் முழுவதும் தேமல் மாதிரி வெள்ளை பூத்தது. மேற்பூச்சு பொரிந்து அப்பளமாய் எழும்பியது. விரலால் தொட்ட இடமெல்லாம் சாந்து மாவாகக் கொட்டியது. கோட்டைத் துரை கொத்தளத்தின் கீழே நின்று தலையில் உதிர்ந்ததைத் தட்டிவிட்டபடி, கங்காதரனைப் பார்த்துத் தன் பாஷையில் கத்தினாராம். பாஷை புரியாத படகுக்காரனுக்கே விஷயம் புரிந்துவிட்டதாம். மீஞ்சூர்க்காரர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பாவம், அவர்கள் பேரிலும் குற்றமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கங்காதரனின் ஆள் வந்து நாட்டாரிடம் பேசினான். தருமனுக்கு அவன் ஆயுள் முழுவதும் பங்குக் கேழ்வரகு உண்டு என்றான். கோவில் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். சிங்காரம் தடியோடு வாசல் வாசலாகப் போனார். அவர் தொட்டதும் கூடைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். பச்சைமுத்து தன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.

ஆட்டம் ஓய்ந்ததும்தான் தண்ணீரின் நினைவு வந்தது. எல்லோரும் வேலம்மாவின் குடிசைக்கு வந்தார்கள். அந்த வாசலில் அத்தனை பேர் நின்றது வரதன் காணாமல் போன அன்றைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

"காலையிலே குச்சியை நட்டுடு வேலம்மா. முழுச் சுவரையும் இடிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கணுமாம்," என்றார் சிங்காரம்.

"எனக்கு இப்பத் தெரியாது மாமா. அஞ்சும் ஒண்ணாத்தான் கீது."

"எப்பத் தெரியும்?"

"மறுபடி உப்பு படாம இருந்து பாக்கணும். பதினஞ்சு நாளோ, இருவது நாளோ. வருமோ வராதோ, அதுவும் தெரியலே."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வேலை கிடைத்தும் இன்னும் பதினைந்து நாள் பட்டினியா? "யாரு இவளை உப்பு தின்னச் சொன்னது?" என்றாள் ஒருத்தி. "வேலைக்கு வரலேன்னு வாயாலே சொன்னாப் போதாதா? கருவாட்டைத் தின்னுதான் காட்டணுமா?" என்றான் இன்னொருவன். வேலம்மா கதவுத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்புச் செய்துவிட்டதாகவே அவளுக்கும் தோன்ற ஆரம்பித்தது. அவர்களோடு சேர்வதற்காகச் செய்த காரியத்தால் அவர்களை இன்னும் தூரமாகத் தள்ளிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

யாரோ கையைப் பிடித்து நடத்திவர, தருமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். வேலம்மா நின்ற பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் முகத்தைத் திருப்பினான்.

"நாக்கைக் கவுத்துப் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டான்.

கூட்டத்தில் சிலர் பச்சைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய் பச்சைமுத்து, நீதானே? உன் கொரலு எனக்குத் தெரியாதா? நீ சொன்னே, அவ கவுத்தா. உன் கூடையை நிமித்த ஒரு நொடி போதும். அவளுது நிமிரப் பதினஞ்சு நாளாவும். அவ்வளோதானே வித்தியாசம்?"

பச்சைமுத்து தலையிலிருந்த கூடையை மெல்ல எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

சிங்காரம் தடியை மணலில் ஊன்றி நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கொண்டிருந்தது போல் இருந்தது. கடைசியில் குப்பம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உலையை இறக்காதே. குச்சி நடுறவரைக்கும் எரியட்டும். நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டு," என்று திருப்பிச் சொன்னாள் குப்பம்மா. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அது சரி நாட்டாரே, இவ இப்ப உப்பு தின்னக் கூடாதே? பங்குன்னு வந்தப்புறம் தின்ன முடியாம போச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவளைச் சுற்றிக்கொண்டு போகாமல் அவள் மேலேயும் கொஞ்சம் பட்டதுபோல் இருந்தது.

மறுநாள் விடியலில் ஐந்து ஊற்றுகளும் ஒன்றாகவே இருந்தன. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கையில் குச்சியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, நடாமல் திரும்பினாள். குடிசையில் முடிச்சு காலியாகக் கிடந்தது. உலையடிக்குப் போகலாமா என்று நினைத்தாள். தனக்கென்று யாராவது அங்கே தனியாக மெனக்கெடுவார்களா என்றும் நினைத்தாள். நாட்டார் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டார், சரி. ஆனால் சொன்னதை எல்லாம் மனுஷர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா? கதவுத் தட்டியைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

பேச்சுச் சத்தம் காற்றில் வந்தது. கூழ் கொதிக்கும் வாசனை வந்தது, கருவாட்டு வாசனை இன்னும் வரவில்லை. பிறகு அந்தப் பேச்சையெல்லாம் மீறிக்கொண்டு, மணல் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, குப்பம்மாவின் குரல் வந்தது.

"அடியே வேலு! எத்தினி நேரமாடி உப்பைக் கையிலே வெச்சிக்கினு நிக்கிறது? கரைஞ்சி ஒழுவுது! உன் அகப்பையை வந்து வாங்கினு போனாத்தான்டி நான் இதை உலையிலே போட முடியும்! நாப்பத்தியொரு பேரு காத்துக்கினு கீறாங்க, வாடி!"